நூலகத்துக்கு நீங்கள் அனுப்பும் காவலர்கள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
நூலகர், பொது நூலகம்

பெறுநர்:
மேலாளர், பாதுகாப்புப் பணியாளர் வழங்கும் நிறுவனம்

பொருள்: அவசர வழியைப் பூட்டியது, அடிக்கடி ஆள் மாற்றுவது, செய்யாத ரோந்துக்குப் பில் போட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் நூலகத்தின் காவல் பணியை ஒப்பந்த அடிப்படையில் உங்களிடம் கொடுத்திருக்கிறோம். கீழே எழுதியிருப்பதில் பெரும்பாலானவற்றை உங்கள் சூப்பர்வைசரிடம் பலமுறை போனில் சொல்லியாயிற்று. "பார்த்துக்கிறேன் மேடம்" என்பார், அதோடு சரி. எனவே இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதலில் அவசரமான விஷயம். சென்ற வாரம் ஒரு மாலை, குழந்தைகள் பகுதிக்குப் பின்னால் இருக்கும் அவசர வழிக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்கியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் உள்ளே கதை சொல்லும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. அறை நிறையப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்கள். டூட்டியில் இருந்த காவலரைக் கேட்டால், காலை ஷிப்ட் ஆள் போட்ட பூட்டு என்றார். சாவி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. காலை ஷிப்ட் ஆள் போனை எடுக்கவில்லை. கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன் வந்து சங்கிலியை அறுத்தார். அதுவரை நிகழ்ச்சியை நிறுத்தி, பிள்ளைகளை முன்வாசல் பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்தோம்.

அந்த வழியாகப் புத்தகம் வெளியே போய்விடக் கூடாது என்று பூட்டினார்களாம். அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், திறந்த உடனே அலாரம் அடிக்கும். அங்கே காவல் பார்க்க வருபவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. யாரும் சொல்லவில்லை.

1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் மத்திய நூலகத்தில் தீப்பிடித்தது. ஏழு மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. சுமார் 4 லட்சம் புத்தகங்கள் சாம்பலாயின, 7 லட்சம் புத்தகங்கள் வரை புகையிலும் தண்ணீரிலும் பாழாயின. ஆனால் உள்ளே இருந்த வாசகர்களும் ஊழியர்களும் உயிரோடு வெளியே வந்துவிட்டார்கள். வெளியே வர வழி இருந்தது, வந்தார்கள். எங்கள் புத்தகங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், ஒரு புத்தகம் திருட்டுப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வேன். இதில் எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்கத் தயாராக இல்லை.

இது எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மற்ற குறைகளுக்கும் வேர் அதேதான்: வருகிற ஆள் நிலையாக இருப்பதில்லை. ஒருவருக்குக் கட்டடம் பிடிபடுவதற்குள் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறீர்கள். புதிதாக வருபவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே, தீயணைப்புக் கருவி எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே என்று எதுவும் தெரியாது. ஷிப்ட் மாறும்போது ஒருவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், இன்னொருவர் நாற்காலியில் உட்காருகிறார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று வந்து பொறுப்பை ஒப்படைத்து நான் பார்த்ததே இல்லை.

ஆரம்பத்தில் நீங்கள் அனுப்பிய ஒரு பெரியவரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். வாசகர்களில் யார் எந்த மேசையில் உட்காருவார், யார் எப்போது கிளம்புவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு நாள் மூடும் நேரத்தில், நாளிதழ் பகுதிக்கு வழக்கமாக வரும் முதியவர் இறங்கிப் போனதைத் தான் பார்க்கவில்லையே என்று மேலே போய்த் தேடினார். அந்த முதியவர் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தார். உடனே ஆம்புலன்ஸ் வந்ததால் பிழைத்தார். அந்தக் காவலர் கையில் தடிகூட வைத்திருந்ததில்லை. நூலகத்துக்கு வேண்டிய காவல் அதுதான். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரை ஏதோ கிடங்குக்கு மாற்றிவிட்டீர்கள். இப்போது வருகிறவர்கள் மூடும் நேரத்தில் படிக்கட்டில் நின்றபடியே விளக்கை அணைத்து அணைத்துக் காட்டுகிறார்கள். கழிப்பறைகளையும் அடுக்குகளுக்கு இடையே உள்ள மூலைகளையும் எங்கள் ஊழியர்களே போய்ப் பார்க்கிறோம்.

அப்புறம் வாசலில் நடந்தது. ஒரு மாணவி வெளியே போகும்போது கேட்டில் மணி அடித்தது. காவலர் எல்லோர் முன்னிலையிலும் அவள் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார். மணி அடித்தால் திருட்டு என்று அர்த்தமில்லை. புத்தகத்துக்குள் ஒட்டியிருக்கும், கேட்டில் மணியை அடிக்க வைக்கும் காந்தப் பட்டை கவுண்டரில் சரியாகச் செயலிழக்காமல் போயிருக்கலாம், வேறு நூலகத்தின் புத்தகம் பையில் இருக்கலாம். அன்றைக்கு இருந்தது வேறு நூலகத்தின் புத்தகம்தான். "கொஞ்சம் கவுண்டருக்கு வாங்க, பார்த்துவிடலாம்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்தப் பெண் அழுதுகொண்டே போனாள், அதன் பிறகு அவள் வரவே இல்லை. பையைச் சோதிக்க வேண்டுமானால் எங்கள் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், பொருளைத் தொடாமல் உரியவரையே எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கொடுத்த பணி விதிகளில் தெளிவாக இருக்கிறது. அதை அவருக்கு யாராவது படித்துக் காட்டினீர்களா?

இரவு ரோந்து விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் வேலை முடிய நேரமாகி, பத்தரை மணிக்குக் கிளம்பும்போது ரோந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். இரவு 12 மணி, 2 மணி, 4 மணி எல்லாவற்றுக்கும் நேராக "எல்லாம் நார்மல்" என்று ஒரே பேனாவில் எழுதி, கையெழுத்தும் போட்டு முடித்திருந்தார்கள். அந்தப் பக்கத்தின் போட்டோவை இணைத்திருக்கிறேன். அதற்கு முன்பு ஒருமுறை, விடுமுறை நாட்களில் ஏசி குழாயில் கசிந்த தண்ணீர் கீழ்த் தட்டுப் புத்தகங்களை ஊறவைத்திருந்தது. நாங்கள் திறந்து பார்த்தபோது பூஞ்சை பிடித்துவிட்டது. நனைந்த புத்தகத்தில் இரண்டு மூன்று நாளிலேயே பூஞ்சை வந்துவிடும். முதல் நாளே கண்ணில் பட்டிருந்தால் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம். அந்த நாட்களுக்கும் பதிவேட்டில் எல்லாம் நார்மல்தான்.

அந்த இரவுக் காவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில் வேறொரு இடத்தில் 12 மணி நேரம் நின்றுவிட்டு நேராக இங்கே வந்ததாக அவரே சொன்னார். கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் வேலை என்று வைத்தாலும், ஒரு இடத்தை இரவும் பகலும் காக்க மூன்றரை ஆள் வேண்டும். விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தால் நான்குக்குக் குறையாது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தொழிற்சாலைகளுக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இலேயே தன் முதல் உடன்படிக்கையில் எழுதிவிட்டது. நீங்கள் 24 மணி நேரக் காவல் என்று பில் போட்டு, இரண்டு பேரை வைத்தே ஓட்டுகிறீர்கள். தூங்காமல் நிற்க அவர்களும் மனிதர்கள்தானே? சாப்பிடப் போனால் மாற்றிவிட ஆள் இல்லாததால், அந்த நேரம் வாசலில் யாரும் இருப்பதில்லை.

எங்களுக்கு வேண்டியது இதுதான். நூலகத்துக்கு என்று நிலையான ஒரு குழுவை ஒதுக்கி, பெயர்ப் பட்டியலை எழுத்தில் கொடுங்கள். முன்பு இருந்த அந்தப் பெரியவர் சம்மதித்தால் அவரைத் திரும்ப அனுப்புங்கள். மாற்று ஆளாக யார் வந்தாலும், தனியாக டூட்டி பார்ப்பதற்கு முன் ஒரு முழு நாள் எங்கள் ஊழியரோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். மாலையில் மூடும் வேலைக்குக் காவலர் ஒருவரும் எங்கள் ஊழியர் ஒருவரும் சேர்ந்தே போக வேண்டும். சில நாட்களாக எங்கள் கவுண்டர் பெண் ஊழியர் தனியாகப் பூட்டிவிட்டுப் போகிறார். இனி ஒரு நாளும் அப்படி நடக்கக் கூடாது. உங்கள் சூப்பர்வைசர் இரவில் முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்த்து, எங்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த மாணவிக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் வேண்டும். அவரிடம் சேர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காவலர் இல்லாத நேரங்களைக் கேமரா பதிவோடு ஒப்பிட்டுப் பட்டியல் போட்டிருக்கிறோம். அதைக் கழித்துத் திருத்திய பில் வரும்வரை இந்த மாதத் தொகையை நிறுத்தி வைக்கிறோம். காவலர்களின் சம்பளத்தை இதைக் காரணம் காட்டி நீங்கள் பிடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் நேரில் வரட்டும். சூப்பர்வைசரை மட்டும் அனுப்ப வேண்டாம். பதில் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் உள்ள ரத்துப் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்புவோம்.

இப்படிக்கு,
நூலகர்

இணைப்பு: ரோந்துப் பதிவேட்டின் போட்டோ, அறுத்த சங்கிலியின் போட்டோ, காவலர் இல்லாத நேரங்களின் பட்டியல், பணி விதிகளின் நகல்.