அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மணிக்கணக்கைக் கேளுங்கள்

உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் நகரமைப்புப் பிரிவு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பல ஊர்களில் கிளைகள் வைத்து மலிவு விலையில் விற்கும் பெரிய தள்ளுபடிச் சங்கிலி நிறுவனம் ஒன்று உங்கள் ஊரில் புதுக் கிளை திறக்க அனுமதி கேட்டு வரும்போது, கோப்பில் மூன்று விஷயங்கள் கண்ணில் படும்படி இருக்கும்: இத்தனை பேருக்கு வேலை, இவ்வளவு வரி, மக்களுக்கு மலிவு விலை. மூன்றிலும் உண்மை உண்டு. எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதில்தான் சூட்சுமம். சில்லறை வணிகக் கணக்கு, கிடங்கு, கடைத்தளம், கட்டட அனுமதி ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். கடையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அனுமதிக் கடிதம் கைமாறிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. கேட்க வேண்டியதை அதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் வேலைக் கணக்கு. விண்ணப்பத்தில் "20 பேருக்கு வேலை" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் 16 மணி நேரம் கொடுத்தால் மொத்தம் 320 மணி. வாரத்துக்கு 40 மணி என்று பார்த்தால் அது 8 முழுநேர வேலைக்குத்தான் சமம். பொய் சொன்னதாக யாரையும் குற்றம் சாட்ட முடியாது. 20 பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆகவே தலைகளை எண்ணாதீர்கள். வாரத்துக்கு மொத்தம் எத்தனை உழைப்பு மணி, அதில் 30 மணிக்கு மேல் உத்தரவாதம் உள்ளவர்கள் எத்தனை பேர், ஓராண்டில் எத்தனை பேர் விலகிப் புது ஆள் சேர்க்கிறார்கள் என்ற மூன்று எண்களையும் கேளுங்கள். ஏற்கெனவே நடக்கும் கிளைகளின் கணக்கு அவர்களிடம் வாரவாரியாக இருக்கும். கொடுக்க முடியாது என்று சொல்ல முகாந்திரமே இல்லை.

அந்த மணிகள் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாகத் தலைமை அலுவலகம் வரும் வாரத்துக்கான விற்பனையை மதிப்பிட்டு, அதில் ஒரு சதவீதத்தைக் கூலிக்கு ஒதுக்கி, அதை மணிகளாக மாற்றிக் கிளைக்கு அனுப்பும். விற்பனை குறைந்தால் மணியும் குறையும். ஆனால் சரக்கு லாரி கிடங்கின் அட்டவணைப்படி வந்துகொண்டே இருக்கும். பெட்டிகளை இறக்க, பிரிக்க, அடுக்க ஆள் இல்லாதபோது, சரக்கை ஏற்றித் தள்ளிவரும் சக்கரக் கூண்டுகள் கடையின் பின்னறையை நிரப்பும். அங்கே இடம் தீர்ந்ததும் நடைபாதைக்கு வரும். கடைசியில் அவசர வழிக் கதவை மறிக்கும். இதற்கு ஊழியர்களின் சோம்பலைக் குறை சொல்வது எளிது. மணி ஒதுக்கீடும் லாரி அட்டவணையும் ஒன்றோடொன்று பேசாததுதான் உண்மையான காரணம். அமெரிக்காவில் டாலர் ஜெனரல் என்ற தள்ளுபடிச் சங்கிலி நிறுவனம் அடைபட்ட அவசர வழிகள் உள்ளிட்ட பாதுகாப்பு மீறல்களுக்காக 2024 ஜூலையில் தொழிலாளர் துறையுடன் 1.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இனி அப்படி ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும், கிளைகளில் சரக்கு இருப்பைக் குறைக்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் உண்டு. இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். கதவைத் திறந்து வை என்று சொன்னால் மட்டும் போதாது, சரக்கின் வரத்தையே மாற்ற வேண்டும் என்று அங்கே உணர்ந்திருக்கிறார்கள்.

தொழிலாளர் சட்டம் பல இடங்களில் உங்கள் அதிகாரத்துக்குள் வராது. கட்டட வரைபடமும் தீத்தடுப்பு அனுமதியும் வரும். வரைபடத்தில் பின்னறையின் பரப்பு ஒரு முழு லாரிச் சரக்கைத் தாங்குமா என்று பாருங்கள். வாடகை மிச்சமாகும் என்று பின்னறையைச் சுருக்கி விற்பனைத் தளத்தைப் பெருக்குவதுதான் வழக்கமான கோளாறு. வெளியேறும் வழியின் அகலத்தைச் சரக்கு அடுக்கிய நிலையில் அளக்கச் சொல்லுங்கள். அமெரிக்க விதிப்படி அது எந்த இடத்திலும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உங்கள் விதி எதுவோ, அதை வெறும் தளத்தில் அளப்பதில் அர்த்தமில்லை. லாரி வந்த மறுநாள் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தால் மொத்த நிலவரமும் தெரிந்துவிடும்.

ஷிப்ட் விஷயத்தில் சில ஊர்கள் துணிந்திருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2017 முதல் பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் வேலை அட்டவணையை 14 நாள் முன்பே தர வேண்டும். பிறகு மாற்றினால் கூடுதல் ஊதியம். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மணி நேரம் வேண்டும் என்பதும் விதி. ஆரிகன் மாநிலத்திலும் இதே போன்ற சட்டம் இருக்கிறது. நேற்று இரவு கடையை அடைத்தவரே இன்று விடியற்காலை திறக்கும் கொடுமைக்கு இவைதான் கடிவாளம்.

மொத்த வேலைவாய்ப்பு கூடுமா, குறையுமா? ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வால்மார்ட்டை ஆராய்ந்த எமெக் பாஸ்கர் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், கடை வந்த ஆண்டில் அந்த மாவட்டத்தில் சுமார் 100 சில்லறை வேலைகள் கூடி, அடுத்த ஐந்தாண்டுகளில் மற்றக் கடைகள் சுருங்கவும் மூடவும் அதில் பாதி கரைந்ததாகக் கண்டார். டேவிட் நியூமார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வேறு முடிவுக்கு வந்தார்கள்: சேர்ந்த ஒவ்வொரு வால்மார்ட் ஊழியருக்கும் ஈடாகச் சுமார் 1.4 சில்லறைத் தொழிலாளர் வேலை இழந்தார்கள். எது சரி என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். திறப்பு விழா நாளின் எண்ணிக்கையை ஐந்தாம் ஆண்டின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இரண்டு ஆய்வுகளுமே சாட்சி.

இனி மளிகைக் கடை. "போட்டி வந்தால் தாக்குப்பிடிக்கட்டுமே" என்று மன்றக் கூட்டங்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கணக்கைப் பாருங்கள். விற்பனை 100 என்றால் சரக்குக் கொள்முதல் 75, விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 5, வாடகை, குளிர்பதனம், அடிப்படைச் சம்பளம் போன்ற நிலையான செலவு 18. மிச்சம் 2. இந்தத் தொழிலில் 1 முதல் 3 சதவீதம்தான் சாதாரண லாபம். விற்பனை 90க்கு இறங்கினால் லாபம் பூஜ்யம். 85க்கு இறங்கினால் 1 நட்டம். ஆக, ஊரையே வளைத்துப்போட வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கைத் தட்டிப் பறித்தாலே போதும். அதுவும் எந்தப் பங்கு? சோப்பு, பொட்டலத் தின்பண்டம், குளிர்பானம், காகிதப் பொருள்கள். கெட்டுப்போகாத, கழிவில்லாத, கடைக்காரருக்கு நிம்மதியாகக் காசு தரும் சரக்கு இதுதான். இதில் வரும் லாபம்தான் வாடி வதங்கும் காய்கறியின் நட்டத்தை ஈடுகட்டுகிறது. அது போனால் கடை முதலில் காய்கறியைக் குறைக்கும், பிறகு ஆளைக் குறைக்கும், பிறகு கதவை மூடும். தள்ளுபடிக் கடை காய்கறி விற்காமலேயே ஊரில் காய்கறி இல்லாமல் போவது இப்படித்தான்.

அதன் பிறகு வந்தவரும் போய்விட்டால்? வட கரோலினாவில் ஓரியண்டல் என்ற சிற்றூரில் 2014இல் வால்மார்ட்டின் சிறு வடிவக் கிளை வந்தது. ஊரின் பழைய மளிகைக் கடை 2015இல் மூடியது. 2016 ஜனவரியில் வால்மார்ட் அமெரிக்காவில் 154 கடைகளை மூட முடிவெடுத்தபோது அந்தச் சிறு வடிவம் முழுவதுமே, 102 கடைகள், பட்டியலில் இருந்தன; ஓரியண்டலும் அதில் ஒன்று. இரண்டு ஆண்டுக்குள் ஊரில் இரண்டு கடையும் இல்லை. ஒரு கிளை லாபம் தருகிறதா என்பதை மட்டும் வைத்து அதன் ஆயுளைத் தலைமை அலுவலகம் முடிவு செய்வதில்லை.

மலிவு விலையை நாங்கள் மறுக்கவில்லை. கையில் காசு குறைவாக உள்ள வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் பொட்டலத்தின் விலையும் கிராமின் விலையும் வேறு. 2க்கு விற்கும் 200 கிராம் பொட்டலம், 7க்கு விற்கும் ஒரு கிலோவை விட மலிவாகத் தோன்றும். கிலோ கணக்கில் அது 10. அலமாரியில் அலகு விலையைப் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். செலவில்லாத காரியம் இது.

கடைசியாக, கட்டடம். காலி செய்துவிட்டுப் போகும் நிறுவனம் அந்த இடத்தை வேறொரு மளிகை வியாபாரி பயன்படுத்தக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைப்பது உண்டு. அமெரிக்காவில் வரிக் கணக்கிலும் ஒரு வித்தை நடக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் கடையின் மதிப்பை, காலியாகக் கிடக்கும் வேறு கடைகளின் விற்பனை விலையோடு ஒப்பிட்டுச் சொத்து வரியைக் குறைக்கக் கேட்பார்கள். காலி இடத்துக்கு வாங்குபவர் கிடைக்காததற்கு அந்தப் பத்திரத் தடையும் ஒரு காரணம் என்பது யாருக்கும் உறைப்பதில்லை! இரண்டையும் அனுமதி ஒப்பந்தத்திலேயே அடைத்துவிடலாம். வரிச் சலுகை தந்தால், பத்தாண்டுக்குள் மூடினால் விகிதப்படி திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் இடித்துச் சமன் செய்யும் செலவுக்கு முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் வாங்குங்கள்.

கிளைகளுக்கு இடையிலான தூரமும் உங்கள் கையில் இருக்கிறது. ஓக்லஹோமாவின் டல்சா நகரம் 2018இல் நகரின் வடபகுதியில் சிறு தள்ளுபடிக் கடைகளுக்கு இடையே ஒரு மைல் இடைவெளி வேண்டும் என்று விதித்தது. மெய்ன் மாநிலம் 2007இல் நிறைவேற்றிய சட்டம், 75,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகளுக்குப் பொருளாதாரத் தாக்க ஆய்வைக் கோரியது. ஆய்வுக் கட்டணத்தை விண்ணப்பதாரர் கட்டட்டும். ஆய்வாளரை அவர் அமர்த்தக் கூடாது. அவரே அமர்த்தினால் அது ஆய்வாகாது, விளம்பரத் தாள்.

அடுத்த கூட்டத்துக்கு வாரமணிக் கணக்கு, பின்னறை வரைபடம், குத்தகைப் பத்திரத்தின் தடை விதிகள் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தர மறுத்தால், எதை மறுத்தார் என்பதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சில்லறை வணிகக் கணக்கர்கள், கிடங்கு மற்றும் கடைத்தளப் பணியாளர்கள், நகரமைப்புத் திட்டமிடுநர்கள் சிலர்