உறுதிமொழி சரி, ராத்திரி விழுந்தால் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூன் 26 போதை ஒழிப்பு நாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி எடுக்கும் படம் வருஷா வருஷம் உங்கள் பத்திரிகையில் வருகிறது. எங்கள் பக்கத்துப் பள்ளியிலும் எடுத்தார்கள், தப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற பையன்களில் நாலைந்து பேரை, இருட்டினதுக்கு அப்புறம் சாலையோரக் கல்திட்டில் நான் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் மாவட்டம் தாண்டிக்குடி மலைப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவன். காபி, மிளகு, மலைவாழை என்று எது கிடைத்தாலும் ஏற்றிப் பெரும்பாறை வழியாகக் கீழே கொண்டுபோவது பிழைப்பு. அதே வண்டியில் அடிபட்ட ஆட்களையும் இறக்கியிருக்கிறேன், எண்ணி வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கார்த்திகை மாசம், மழை விட்ட ராத்திரி, பிளஸ் டூ படிக்கிற மூன்று பேர் ஒரே பைக்கில். இஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் எத்தனை வளைவு இறங்குவது என்று பந்தயம். (பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதைப் பசங்களுக்குக் காட்டிக் கொடுத்ததே எங்களை மாதிரி டிரைவர்கள்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.) கியரில் இருந்தால் இஞ்சினே வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் மேல், பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் அமுக்கினாலும் நிற்காது. மூன்று பேர் வெயிட், ஈர ரோடு, ஆளுக்கொரு கட்டிங் வேறு உள்ளே. வளைவில் திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் மோதினார்கள். இரண்டு பேருக்குச் சிராய்ப்பு, கடைசியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தலையில் அடி.

இதுவரைக்கும் எல்லா மலையிலும் நடக்கிறதுதான். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடிபட்டவன் எழுந்து நின்று பேசியிருக்கிறான், சிரித்தும் இருக்கிறான், அப்புறம் வாந்தி எடுத்துவிட்டுச் சாய்ந்துவிட்டான். மற்ற இரண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு காபிக் களத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, சாக்கைப் போர்த்தி, போதை தெளிந்தால் எழுந்துவிடுவான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று பாட்டிலில் மிச்சமிருந்ததை வாயில் கொஞ்சம் விட்டும் பார்த்திருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம்! குறட்டை விட்டானாம், அதனால் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தார்களாம். எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு கண்ணில் பாப்பா கடுகு மாதிரி, இன்னொன்றில் மிளகு மாதிரி. இது வெறும் குடிமயக்கம் இல்லை, தலையில் பட்ட அடி. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

மதுரையில் ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டான். இப்போதும் என்னைப் பார்த்தால் "அண்ணே" என்பான், அடுத்த வார்த்தை வர நேரமாகும்.

ஏன்டா உடனே கூப்பிடவில்லை என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு அண்ணே" என்றான் ஒருத்தன். பதினெட்டு வயது ஆகாதவன் வண்டி ஓட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், ஜெயில் வரை போகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அடிபட்டவனை நல்ல எண்ணத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் மேல் வழக்குப் போடக் கூடாது என்று அதே 2019 சட்டத் திருத்தத்தில் இருப்பதை யாரும் சொல்லவில்லை. தலையில் அடிபட்ட மயக்கமும் குடிமயக்கமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சந்தேகம் என்றால் அடி என்றே எடுத்துக்கொள் என்பதையும் சொல்லவில்லை. வாந்தி எடுக்கிறவனைக் கழுத்து திருகாமல் உடம்போடு சேர்த்து ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாந்தியே மூச்சை அடைக்கும், இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதுமே. குளிருக்குக் குடிப்பது என்பது மலையில் பெரியவர்களே நம்புகிற பொய். குடித்தால் தோலை ஒட்டிய ரத்தக்குழாய் விரிகிறது, அதனால் சூடு மாதிரித் தெரிகிறது, ஆனால் உடம்புச் சூடு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். மார்கழிப் பனியில் வெளியே படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, 108-க்கு அடித்தால் எந்த இடம் என்று கேட்பார்கள். "பெரிய பலா மரத்துக்குப் பக்கம்" என்றால் கீழே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, கொண்டை ஊசி வளைவு என்றால் எத்தனையாவது, எந்த இடத்தில் நின்றால் சிக்னல் எடுக்கும், இதைத்தான் பசங்க மனப்பாடம் செய்ய வேண்டும்.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். கனடாவில் டொரண்டோ சன்னிபுரூக் ஆஸ்பத்திரியில் 1986-லேயே இதற்கென்று ஒரு திட்டம் தொடங்கினார்களாம். பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஆம்புலன்ஸில் வருகிறவன் எந்தெந்த வார்டு வழியாகப் போகிறான் என்று காட்டி, அடிபட்டுப் பிழைத்தவர்களையே பேச வைக்கிறார்கள் என்றாள். அவ்வளவு பெரிசாக இங்கே வேண்டாம். ஒரு 108 டிரைவர், ஒரு நர்ஸ், அப்புறம் அந்தப் பையன் சம்மதித்தால் அவன். இவர்களை வகுப்பில் ஒரு மணி நேரம் பேச விட்டால் போதும், ஓவியப் போட்டியை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை, அந்த வயதில் நானும் இதே ரோட்டில் தள்ளாடி இறங்கினவன்தான். குடிக்காதே என்று சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். குடித்துவிட்டவனும் நம் வீட்டுப் பிள்ளைதான், அவனுக்கும் ஏதாவது சொல்லி வையுங்கள் என்கிறேன்.

எங்கள் ஸ்டாண்டில் ஒன்பது வண்டி. ராத்திரி எந்நேரம் யார் கூப்பிட்டாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல், வீட்டுக்கும் போட்டுக்கொடுக்காமல் வந்து ஏற்றிக்கொள்வோம் என்று பேசி முடிவு செய்து, நம்பரை பஸ் ஸ்டாப் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அப்பாவுக்குச் சொல்வோம், அதையும் கீழே எழுதிவிட்டோம். இதுவரை இரண்டு போன் வந்திருக்கிறது. ஒன்று பஞ்சர்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்,
தாண்டிக்குடி மலை.