நமது போக்குவரத்து ஆய்வு வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும்.

செயற்குழு ஏழு முறை கூடியது. மூன்று முறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது. உரைகள் நான்கு. நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு 1975-லேயே கட்டணம் விதித்து, 1998-ல் அதை மின்னணு வசூலாக மாற்றிய சிங்கப்பூர் பற்றி ஒன்று. ஓட்டுநரே எல்லாம் செய்யும் 0 முதல் கார் தானே ஓடும் 5 வரை, தானியங்கி ஓட்டத்தின் ஆறு நிலைகள் பற்றி ஒன்று. விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற சண்டையிலேயே கேள்வி நேரம் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக நடந்தன.

இனி வளையச் சோதனை. இது செயலாளரின் சொந்த ஆசை, வட்டத்தின் வேலையல்ல என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் சொன்னார். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விபத்து இல்லை, சிக்னல் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனாலும் வண்டிகள் நின்று நின்று போகின்றன. ஏன்? 2008-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சற்று நேரத்தில் நெரிசல் தானாக முளைத்தது. கார்கள் முன்னே போக, அது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரில் பின்னே நகர்ந்தது. இதைச் சைக்கிளில் செய்து பார்ப்பதுதான் என் திட்டம்.

22 பேர் பெயர் கொடுத்தார்கள். ஞாயிறு காலை மைதானத்துக்கு வந்தவர்கள் 9 பேர். அதே 230 மீட்டர் வட்டத்தில் ஆளுக்கு 25 மீட்டர் இடைவெளி, சொகுசாகச் சுற்றினோம். உறுப்பினர்கள் வராவிட்டால் நெரிசலும் வராது என்று நிரூபித்ததே அன்றைய பலன்.

மறு வாரமும் அதே 9 பேர். வட்டத்தைச் சுருக்கினேன். முளை அடித்து, 7 மீட்டர் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம். சுற்றளவு 44 மீட்டர். ஆளுக்கு 5 மீட்டர்கூட இல்லை. நாலாவது சுற்றில், எனக்கு நாலு சைக்கிள் முன்னால் போனவர் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட ஒரு கையை எடுத்தார். அவர் வேகம் துளி குறைந்தது. பின்னால் வந்தவர் பிரேக்கைத் தொட்டார், அடுத்தவர் அழுத்தினார், நான் காலை ஊன்றி நின்றே விட்டேன். கண்ணாடிக்காரர் சுற்றி வந்து என் பின்னால் மாட்டிக்கொண்டு, "ஏன் சார் நிக்கிறீங்க?" என்றார்.

பிறகு பொருளாளரை மட்டும், முன்னால் இடைவெளி விழுந்தாலும் விரட்டிப் பிடிக்காமல் ஒரே வேகத்தில் மிதிக்கச் சொன்னேன். ஒருவரிடமிருந்து பின்னவருக்குப் பரவும் அந்த பிரேக் அலை அவரிடம் வந்து அடங்கியது. அமெரிக்காவின் அரிசோனாவில், 20-க்கும் மேற்பட்ட கார்கள் சுற்றும் வளையத்தில் ஒரே ஒரு காரைக் கணினியிடம் கொடுத்து ஆய்வாளர்கள் காட்டியதும் இதைத்தான். நெரிசல் தீர, எல்லா வண்டியும் தானியங்கியாக மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் அது ஒரே தடம். பல தடச் சாலையில், நிதானமாக ஓட்டுபவர் விடும் இடைவெளியில் பக்கத்துத் தடத்துக்காரர் நுழைந்துவிடுவார். அதையும் பார்த்தால்தான் சோதனை முழுமை. அதற்கு 9 பேர் போதாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, கடன் இல்லை. கயிறும் சுண்ணாம்பும் என் கைக்காசு. திருப்பிக் கேட்கவில்லை, பதிவாகட்டும் என்று சொல்கிறேன். சந்தா நிலுவை மூன்றாம் ஆண்டாகத் தொடர்கிறது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். பட்டியல் என் பையில்தான் இருக்கிறது.

மைதானம் தந்தவர்களுக்கும், உரையாற்றியவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு தட வளையம். குறைந்தது 20 பேர் வேண்டும். இந்தப் பொறுப்பில் எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேறொருவர் ஏற்பதானால் கயிறு, முளை, கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். இல்லையென்றால், பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிள் இல்லாதவர்களுக்கு என்னிடம் இரண்டு உண்டு.

செயலாளர்