அளந்த எண் எது, பெருக்கி வந்த எண் எது?

தமிழில் கலைக்களஞ்சியக் கட்டுரைகளும் மாவட்டக் கையேடுகளும் தொகுத்து வெளியிடும் பதிப்பாசிரியர் குழுக்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டைப் பற்றி நீங்கள் வெளியிடுவதை விடாமல் படிக்கிறவன் நான். ஒரே பத்தியில் அணை அடியிலும், வாய்க்கால் கிலோமீட்டரிலும், பாசனப் பரப்பு ஏக்கரிலும் வருகின்றன. அடுத்த பத்தியில் அதே பரப்பு ஹெக்டேராகிவிடுகிறது. எல்லாவற்றையும் மெட்ரிக்குக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கின. ஆனால் எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு இன்றும் அடிக்கணக்கில்தான் இறங்குகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார். எந்த அலகில் அளந்தார்களோ அதை முதலில் போடுங்கள், மாற்றிக் கணக்கிட்டதை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், நூல் முழுவதும் இந்த வரிசை பிறழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து வரும் அகலப் பாதையின் தண்டவாள இடைவெளி ஐந்தரை அடி என்று வகுக்கப்பட்டது. 1,676 மில்லிமீட்டர் என்பது அதைப் பெருக்கி வந்த எண். அங்கிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலின் பாதைக்கோ பெயரிலேயே மீட்டர் இருக்கிறது: சரியாக 1,000 மில்லிமீட்டர். அதை ‘3 அடி 3⅜ அங்குலம்’ என்று தொடங்கி எழுதினால், இப்படியொரு விசித்திர அளவை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று படிப்பவர் திகைப்பார்.

அணைகளில்தான் குழப்பம் அதிகம். மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, பவானிசாகர் 105 அடி என்று நாளிதழ்கள் தினமும் அச்சிடுகின்றன. அணைகளைக் கட்டியதும் நீரைப் பகிர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்குத் தரச் சொன்னதும் 177.25 டிஎம்சி என்றே இருக்கிறது. தீர்ப்பின் எண்ணை நாம் இடம் மாற்றி வைக்கக்கூடாது. ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2.83 கோடி கன மீட்டர். ஆகவே பவானிசாகரின் கொள்ளளவு ‘32.8 டிஎம்சி (92.9 கோடி கன மீட்டர்)’, கீழ்பவானி வாய்க்காலில் திறப்பது ‘வினாடிக்கு 2,300 கன அடி (65 கன மீட்டர்)’, பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு ‘2.07 லட்சம் ஏக்கர் (சுமார் 83,800 ஹெக்டேர்)’. மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அங்கே கன மீட்டர்தான் மூலம். அந்த அட்டவணை முழுவதையும் அப்படியே வைத்து டிஎம்சியை அடைப்புக்குள் கொடுங்கள். இன்னொன்று: மேட்டூருக்கு 120 அடி என்பது நீர்தேங்கும் உயரம், அணையின் உயரம் 214 அடி. ஒன்றை அடியிலும் மற்றதை மீட்டரிலும் எழுதினால், இரண்டும் வேறு வேறு உயரங்கள் என்பதே தெரியாமல் போகும்.

திருப்பூருக்கு வருவோம். அங்கே ஒரே பனியனுக்குள் இரண்டு முறைகளும் குடியிருக்கின்றன. பின்னல் இயந்திரத்தின் விட்டம் அங்குலத்தில், ஊசிகளின் நெருக்கம் அங்குலத்துக்கு இத்தனை என்று. துணியின் எடையோ சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். பனியனின் அளவு 85, 90 என்று சென்டிமீட்டரில். டி-சர்ட் என்றால் 38, 40 என்று அங்குலத்தில். நூலின் நம்பரில்தான் பொறி இருக்கிறது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீள நூல் சிட்டங்கள் நாற்பது இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிதாகும். மெட்ரிக் வழக்கான டெக்ஸ் என்பது ஆயிரம் மீட்டர் நூலின் கிராம் எடை. அதில் எண் ஏறினால் நூல் தடிக்கும். 30-ஆம் நம்பர் ஏறத்தாழ 19.7 டெக்ஸ், 40-ஆம் நம்பர் 14.8. அலகின் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அதே வேளையில், 180 கிராம் துணியைச் சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று தமிழ் வாசகருக்கு மாற்றித் தருவது வீண் வேலை.

துல்லியத்தைப் பற்றி ஒரு புகார். ‘சுமார் 1,000 அடி’ என்பதை 304.8 மீட்டர் என்று எழுதுகிறார்கள். சுமாருக்கு எங்கிருந்து வந்தது தசமம்? அடுத்தவர் அதை 305 ஆக்குகிறார். மூன்றாமவர் அதிலிருந்து அடிக்குத் திரும்பி 1,001 அடி என்று அச்சேற்றுகிறார். யாருமே அளக்காத அந்த ஓர் அடி எந்த மலையில் இருக்கிறது? மூலம் சுமாராக இருந்தால் ‘சுமார் 300 மீட்டர்’ போதும்.

நிலத்துக்கு வந்தால், கிரயப் பத்திரம் ஏக்கர்-சென்ட் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) பேசும். பட்டாவில் 0.40.50 என்று இருப்பது 40.50 ஏர், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர். அது தசம எண் அல்ல. ‘1.5 ஏக்கர்’ என்று எழுதுவதையும் தவிருங்கள். ஒரு ஏக்கர் ஐம்பது சென்டா, ஐந்து சென்டா என்று சண்டைக்கு நிற்பவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பழைய ஆவணங்களின் வள்ளம், காதம் போன்றவை ஊருக்கு ஊர் வேறுபட்டவை; மூலமே விளக்கினாலன்றி மாற்ற வேண்டாம். மழையை மில்லிமீட்டரில் எழுதினால் போதும். (உழவர்கள் ‘ஓர் உழவு மழை’ என்றே சொல்லட்டும், அதற்கு அடைப்புக்குறி தேவையில்லை.)

பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. நாடே அளவைகளை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. தூரன் எங்கள் ஈரோட்டுப் பக்கத்தவர் என்ற பெருமை ஒருபுறம் இருக்க, அந்தக் காலத்து நூல்களிலிருந்து எண் எடுப்பவர்கள் அலகையும் ஆண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். உங்கள் அடுத்த பதிப்பின் முன்பக்கத்தில், பயன்படுத்திய மாற்று எண்களை அரைப் பக்கத்தில் அச்சிடுங்கள்: ஓர் அடி 30.48 செ.மீ., ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். திருத்த வேலையை அணைக் கட்டுரைகளிலிருந்து தொடங்கினால் நல்லது. மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் வாசகர் ஒருவர்