பண்ணைக்கு நிலமும் வேண்டும், நிலையாக வாங்க ஆளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உள்ளூர்ப் பண்ணைகளைப் பற்றி எங்கள் வீட்டிலும் கோயில் சமையலறையிலும் சில மாதங்களாகவே பேச்சு. சிங்கப்பூரில் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை 2030க்குள் இங்கேயே விளைவிப்பது என்று 2019ல் வைத்த இலக்கு, 2025 நவம்பரில் மாற்றப்பட்டது. இப்போது 2035ஆம் ஆண்டுதான் கணக்கு. காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு. “எட்ட முடியாததை ஏன் கட்டிக்கொண்டு அழணும், வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் போச்சு” என்று என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த நாள்களில் கோயிலில் சாம்பாருக்கு வெங்காயத்தை எண்ணிப் போட்டோம். நமக்கு வரும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. சிறிதளவாவது நம் மண்ணில் விளையட்டும் என்று நினைப்பது பேராசையா?

2024 நிலவரப்படி புரத உணவில் 26 விழுக்காடு உள்ளூரில் கிடைத்தது, நார்ச்சத்து உணவில் 8 விழுக்காடுதான். காய்கறியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 3 விழுக்காடு. முட்டையோ நாம் சாப்பிடும் மூன்றில் ஒன்று இங்கேயே கிடைக்கிறது. நாட்டில் இருந்தது மூன்றே முட்டைப் பண்ணைகள். வேலை பெரிய அளவில் நடக்கிறது, கடைகள் நாள் தவறாமல் எடுத்துக்கொள்கின்றன, வெளியூர் முட்டைக்கும் நம் முட்டைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. கீரைக்கு இந்த மூன்று வசதிகளில் ஒன்றுகூட அமையவில்லை. விடியுமுன் ஜோகூர்ப் பாலம் தாண்டி லாரி லாரியாக வரும் காய்கறியோடு அது மோத வேண்டியிருக்கிறது. நான் உட்லண்ட்ஸ்காரி, அந்த லாரிகளைப் பார்க்காமல் என் காலை விடிவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்குக் கீரை ஆய்வது எங்கள் ஐந்து பேரின் வேலை. வெளியிலிருந்து வரும் கட்டைப் பிரித்தால் நடுவில் இலை கறுத்து வழவழவென்று இருக்கும். பத்துக் கிலோ வாங்கினால் ஒன்றரை, இரண்டு கிலோ குப்பைக்குப் போகும். ஒருமுறை லிம் சூ காங் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வாங்கிப் பார்த்தோம். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது, தண்டை ஒடித்தால் டப்பென்று சத்தம் கேட்டது. கட்டுக்கு அறுபது காசு கூடத்தான். கழிவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது அந்த அறுபது காசில் பாதி திரும்ப வந்துவிட்டது.

அதற்கப்புறம் அந்தப் பண்ணையைப் பார்க்கவே போனோம். சீனப் பெரியவர் ஒருவர் மலாயில்தான் எங்களோடு பேசினார். பாத்திகளில் பாதி காலியாகக் கிடந்தன. மண்ணை ஆறப் போட்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லையாம். “இன்றைக்கு விதைத்தால் இருபத்தைந்து நாளில் கீரை. அன்றைக்கு யார் வாங்குவார்கள் என்று எனக்கு இன்றைக்கே தெரியணும் அக்கா. தெரியாமல் எப்படி விதைப்பேன்?” என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பண்ணைக்காரர்களின் கவலை விற்பனையோடு முடிவதில்லை, நிலத்திலிருந்தே தொடங்குகிறது. விவசாயத்துக்கு இங்கே இருப்பது மொத்த நிலத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2014ல், லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் குத்தகை புதுப்பிக்கப்படாது என்று அறிவிப்பு வந்தது. தெங்கா புதுநகருக்காக விட்டுக்கொடுத்த ராணுவப் பயிற்சி நிலத்துக்கு ஈடாக அந்த இடம் தேவைப்பட்டது. நாட்டுக்குத் தற்காப்பும் வேண்டும், வீடும் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குத்தகை முடியப்போகிறது என்று தெரிந்தவர் புதுக் கொட்டகை போடுவாரா, குழாய் மாற்றுவாரா? இன்னும் இரண்டு ஆண்டில் காலி செய்ய வேண்டிய வாடகை வீட்டுக்கு நாம் தரைக்கல் பதிப்போமா?

இந்த இடத்தில்தான் பண்ணைக்காரர்களுக்குச் சங்கம் என்று ஒன்று இருப்பதன் அருமை தெரிகிறது. பண்ணை நடத்திய ஐவி சிங்-லிம் போன்றவர்கள் முன்னின்று 2005ல் தொடங்கிய கிராஞ்சி கன்ட்ரிசைட் அசோசியேஷன், தனித்தனியாகக் கிடந்த பண்ணைக்காரர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தது. மக்களைப் பண்ணைக்கு வரவழைத்தது, உழவர் சந்தை நடத்தியது, குத்தகைப் பிரச்சினையைப் பொதுவில் பேசியது. புதிய பண்ணை நிலங்களுக்கு முதலில் 10 ஆண்டுக் குத்தகை என்றுதான் சொன்னார்கள். போட்ட முதலை எடுக்கவே அது போதாது என்று விவசாயிகள் எடுத்துச் சொன்ன பிறகு, 2017ல் அது 20 ஆண்டானது. தனி ஆள் எழுதும் கடிதத்தால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அரசாங்கமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2021ல் பண்ணைகளுக்காக 60 மில்லியன் வெள்ளி நிதி ஒதுக்கப்பட்டது. இயந்திரம் வாங்க அது உதவும், விளைந்ததை விற்றுக் கொடுக்காது. கட்டடத்துக்குள் விளக்கு வெளிச்சத்தில் பயிர் வளர்க்கிறவர்களுக்கு மின்கட்டணம் வேறு. அதனால் சங்கங்கள் இனி அமைச்சிடம் வலியுறுத்த வேண்டியது இரண்டு என்று நான் நினைக்கிறேன். ஒன்று, குத்தகை நீட்டிக்கப்படுமா இல்லையா என்பதைக் கடைசி நேரம் வரை இழுக்காமல் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றது, பள்ளி, மருத்துவமனை, முகாம் போன்ற பெரிய சமையலறைகள் வாரத்துக்கு இவ்வளவு என்று உள்ளூர்க் காய்கறியை எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். முதலாவதற்குப் பணச் செலவுகூட அதிகம் இல்லை.

நம் சமூகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பொங்கலுக்கு லிம் சூ காங் பண்ணையிலிருந்து கேம்பல் லேனுக்கு மாடு வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். தேக்காவில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் எருமையின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் அங்கே மாடு வளர்த்ததும் பால் கறந்து விற்றதும் நம்மவர்களும்தான். பொங்கலன்று மட்டும் உழவரை நினைத்துவிட்டு மற்ற நாளில் எது மலிவு என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், ஒளிக்கவில்லை.

நம் கோயில்கள் எத்தனை பேருக்கு அன்னதானம் செய்கின்றன! கல்யாணச் சமையல்காரர்கள், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் எத்தனை! எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்கச் சொல்லவில்லை. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வழக்கம்போல் வரட்டும். கீரை, காளான், முளைப்பயறு மூன்றையும் வாரம் ஒரு நாளாவது உள்ளூர்ப் பண்ணையில் வாங்க ஒவ்வொரு சமையலறையும் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்தால் போதும். எந்த வாரம் எது கிடைக்கும், யாரிடம் கேட்பது என்ற பட்டியலைச் சங்கங்கள் தமிழிலும் வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

எங்கள் கோயில் நிர்வாகத்திடம் பேசிவிட்டோம். அடுத்த மூன்று மாதம் வெள்ளிதோறும் 12 கிலோ கீரை எடுப்பதாக அந்தப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறோம். காலியாகக் கிடந்த பாத்தியில் இரண்டில் விதை போட்டாயிற்று என்று நேற்றுத்தான் தகவல் வந்தது. மற்றப் பாத்திகளுக்கு இன்னும் ஆள் வேண்டும். படிப்பவர்கள் தங்கள் கோயிலில், கடையில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்