மகனுக்கு: மாசி அமாவாசையை வைத்துப் பயணத்தைப் போடு

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகனுக்கு,

ரொறன்ரோவிலேயிருந்து நீ அனுப்பின, படம் எடுக்கிற பயணத் திட்டம் கிடைச்சுது. எட்டு நாளுக்குள்ளே ஒன்பது இடம் போட்டிருக்கிறாய். வரைபடத்திலே கோடு கீறிப் பார்த்தால் மன்னார், திருகோணமலை, சிகிரியா, அறுகம்பை எல்லாம் கிட்டக்கிட்டத்தான் தெரியும். ஆனால் நிலக்காட்சிப் படம் எடுக்கிறவனுக்கு ஒரு நாளிலே உதவுகிற வெளிச்சம் விடிய ஒரு மணித்தியாலமும் பின்னேரம் ஒரு மணித்தியாலமும்தான். உன்ரை திட்டத்திலே அந்த ரெண்டு நேரமும் வாகனத்துக்குள்ளேதான் கழியும். ஒரு இடத்திலே ரெண்டு இரவு தங்கு. முதல் நாள் பின்னேரம் நடந்து பார்த்து நிற்கவேண்டிய இடத்தைக் கண்டுபிடிச்சால், அடுத்த நாள் இருட்டோடே போய் முக்காலியை ஊன்றலாம். முகில் மூடினாலும் இன்னொரு விடியல் மிச்சம் இருக்கும். ஆகவே மன்னார், மாத்தளைப் பக்கத்து றிவஸ்ரன் மலை, நுவரெலியாப் பக்கத்து ஹோட்டன் சமவெளி, இந்த மூண்டும் காணும். மற்றதெல்லாவற்றையும் வெட்டு.

இடத்துக்கு முதல் மாதத்தை முடிவு செய். மாசிதான் என்ரை தெரிவு. கார்த்திகை, மார்கழியிலே மாரி மழை. வைகாசிக்குப் பிறகு சோளகக் காத்து எழும்பினால் மன்னார்க் கரையிலே மணல் பறக்கும், முக்காலி நடுங்கும், மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலே மழை பிடிச்சுவிடும். மாசியிலே வாடை தணிஞ்சிருக்கும், களப்புகளிலே தண்ணியும் பறவைகளும் இருக்கும், மலையும் காய்ஞ்சிருக்கும்.

அதுக்குள்ளே நாளைத் தீர்மானிக்கிறது அமாவாசை. மாசி அமாவாசைக்கு முந்தின சதுர்த்தசி இரவுதான் சிவராத்திரி. அண்டைக்குத் திருக்கேதீச்சரத்திலே ஊரெல்லாம் கூடும், மன்னாரிலே அறை எடுக்கிறதும் ரோட்டிலே ஓடுறதும் கஷ்டம். விரதத்தை இஞ்சை பிடிச்சுப் பாறணை முடி. கண் முழிச்ச உடம்போடே ஸ்ரியறிங் பிடிக்கவேண்டாம், ஒரு நாள் விட்டு வெளிக்கிடு. வளர்பிறைச் சந்திரன் முன்னிரவிலேயே மறைஞ்சுபோகும். அட்டமி வரைக்கும் விடியப்புறம் முழு இருட்டுக் கிடைக்கும், உனக்குத் தேவையான நேரமும் அதுதான். மாசியிலே பால்வீதியின் நடுப்பகுதி, விருச்சிகத்தின் வாலுக்கும் தனுவுக்கும் இடையிலே இருக்கிற அந்தத் தடிச்ச பகுதி, சாமம் கழிஞ்சுதான் தென்கிழக்கிலே எழும்பும். நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையிலே எடு, அதுக்குப் பிறகு வானம் வெளிக்கத் தொடங்கிவிடும். ரொறன்ரோவிலே அது தொடுவானத்திலேயிருந்து 17 பாகைக்கு மேலே ஏறாது. இஞ்சை 50 பாகை வரைக்கும் ஏறும். அதனாலே கமராவை நிமிர்த்திப் பிடிச்சு எடுக்கப் பழகிக்கொண்டு வா. 24 மில்லிமீற்றர் லென்ஸ் எண்டால் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 செக்கன். அதுக்கு மேலே போனால் நட்சத்திரம் கோடாக இழுபடும்.

அந்திதான் உன்னை ஏமாத்தும். அங்கே கோடையிலே சூரியன் விழுந்த பிறகும் நீலம் கனநேரம் நிற்கும். இஞ்சை மாசியிலே ஆறேகால், ஆறரைக்குப் பொழுது பட்டால், நல்ல நிறம் 20 நிமிசத்துக்குள்ளே முடிஞ்சுவிடும். ஆறு மணிக்கு முன்னமே முக்காலி ஊன்றி, காட்சியைச் சரிபார்த்து, குவியத்தைப் பூட்டி வைச்சிரு. என்டி 1000 எண்ட கறுத்த பில்ரர் வெளிச்சத்தை ஆயிரத்திலே ஒண்டாக்கும். பில்ரர் இல்லாமல் 1/15 செக்கன் காட்டினால், போட்ட பிறகு ஒரு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட வரும். அந்த ஒரு படம் பதியேக்கையே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும், ஆகவே கணக்குக்கு வாறதைவிட அரைப்பங்கு கூட்டியே வை. பில்ரர் போட முதல் குவியம் பிடி. போட்டபிறகு கமராவுக்கு ஒண்டும் தெரியாது.

மன்னாருக்கு ஏ9 ரோட்டாலே போகாதே. நாவற்குழிச் சந்தியாலே திரும்பி, 2011இலே திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை வழியாகப் போ. எரிபொருளை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பு. மன்னார்ப் பாலத்துக்குக் கிட்ட, பெருநிலப் பக்கத்திலே வங்காலைச் சரணாலயம் இருக்கு. 2010இலே ராம்சார் இடமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிச்சது. பூநாரை வந்திருந்தால் அந்த ஆழமில்லாத தண்ணியிலேதான் மேயும். வெயில் ஏற ஏறக் காத்தும் எழும்பும், தண்ணி கண்ணாடியாக இருக்கிறது விடிய மட்டும்தான். பாலத்து ரோட்டிலே வாகனத்தை நிப்பாட்டவேண்டாம். ஒரு முனையிலே விட்டிட்டு நட. பூநாரைக்குக் கிட்டப் போகாமல் 400 மில்லிமீற்றரிலே எடு. ஒருக்கால் கலைஞ்சு பறந்தால் அண்டைக்கு அந்தப் பக்கம் திரும்பி வராது.

அந்தக் களப்போரத் தரையைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். மேலே வெள்ளை உப்புப் படிஞ்சு, வெடிச்சு, பொரிச்ச அப்பளம்போல மொறுமொறு எண்டு இருக்கும். பார்த்தால் லொறி போகலாம் போலே தெரியும். குதிக்காலாலே ஒருக்கால் அழுத்திப் பார். தோல் உடைஞ்சு கீழே சாம்பல் நிறச் சேறு பிதுங்கி வந்தால் அங்கே ஜீப்பும் புதையும். சக்கரம் சுத்தச்சுத்த ஆழமாகும், இழுக்க ரக்ரர்தான் வேணும். காய்ஞ்ச மணல் வேறை. அதுக்கு ரயர்க் காத்தை 32இலேயிருந்து 18 பிஎஸ்ஐக்கு இறக்கி மெல்லமாகப் போகலாம், ரோட்டுக்கு வந்த உடனே திரும்ப அடிக்கவேணும். 12 வோல்ற் காத்துப் பம்பி ஒண்டும் அளவுமானியும் வாகனத்திலே இருக்கட்டும்.

அரிப்பிலே அல்லிராணிக் கோட்டை எண்டு சனம் சொல்லுற இடிபாடு, ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டின மாளிகை. கடல் அரிச்சரிச்சு அது குறைஞ்சுகொண்டே வருகுது, ஆகவே தள்ளிப்போடாதே. பின்னேரம் கடல் பக்கம் சூரியன் நிற்க, தரைப் பக்கத்திலேயிருந்து எடுத்தால் சுவர் கறுப்பாக விழும். செங்கல்லின் நிறம் வேணுமெண்டால் காலமை போ.

கரையிலே கூடாரம் அடிக்க முதல் கிராம சேவகருக்கும் பக்கத்துக் கடற்படை முகாமுக்கும் சொல்லிவை. சொல்லாமல் அடிச்சால் சாமத்திலே டோர்ச் அடிச்சு எழுப்பிக் கேட்பினம், அது அவையின்ரை வேலை. மீன்பிடி வாடியடியிலே கேட்டு அவைக்குப் பக்கத்திலே தங்கிறது எல்லாவற்றிலும் பாதுகாப்பு. மணலிலே கூடாரத்து முளை நிற்காது. உரப்பையிலே பாதிக்கு மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்திலே தாட்டால் காத்துக்கும் அசையாது. தென்னைக்கும் பனைக்கும் கீழே வேண்டாம், குளக்கட்டிலும் வேண்டாம். யானையும் முதலையும் தண்ணிக்கு வாற வழி அது. மன்னார் மணலிலே சுருட்டைப் பாம்பு உண்டு. கூடாரத்துச் சிப் எப்பவும் பூட்டியிருக்கவேணும், சப்பாத்தைத் தட்டிப் பார்த்துப் போடு, இருட்டிலே டோர்ச் இல்லாமல் காலெடுத்து வைக்காதே. கடிச்சால் கட்டாதே, கீறாதே, அசையாமல் வைச்சு 1990க்கு அடி, அம்புலன்ஸ் வரும்.

உப்புக்காத்து லென்ஸ் முன் பில்ரரிலே புள்ளி புள்ளியாகக் காயும். காய்ஞ்சதைத் துணியாலே தேய்ச்சால் கீறல் விழும். ஊதுபந்தாலே ஊதி, நல்ல தண்ணியிலே நனைச்சுப் பிழிஞ்ச துணியாலே ஒற்றி எடுத்து, பிறகு காய்ஞ்ச துணி போடு. லென்ஸ் மாத்திறதை வாகனத்துக்குள்ளே வைச்சுக்கொள். முக்காலிக் காலையும் ஒவ்வொரு இரவும் நல்ல தண்ணியாலே கழுவு.

மன்னாரிலேயிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாக றிவஸ்ரனுக்குப் போறது ஒரு முழுப் பகல். மடு, செட்டிகுளம் பக்கக் காட்டு ரோட்டைப் பொழுது படமுதல் தாண்டிவிடு. யானை மட்டுமில்லை, மாடும், விளக்கில்லாத லான்ட்மாஸ்ரர் ரக்ரரும் வரும். றிவஸ்ரனிலே காத்துப் பலமாக அடிக்கும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதே, கமராப் பையை அதிலே தொங்கவிடு. ஈரப் புல்லிலே அட்டை இருக்கும், நீளச் சொக்ஸ் போடுங்கோ. அங்கே தங்க வனப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி வேணும்.

ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே. மாசியிலே இரவு 5 பாகைக்குக் கீழே இறங்கும், சில விடியல் உறைபனியும் விழும். உங்கடை படுக்கைப் பைகளை அங்கேயிருந்தே கொண்டு வாங்கோ, அந்தத் தரத்திலே இஞ்சை எடுக்கிறது கஷ்டம். வாசல் ஆறு மணிக்குத்தான் திறக்கும், உலக முடிவு எண்ட மலைவிளிம்பை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி மறைச்சுவிடும். அதுதான் உள்ளே முகாமிடச் சொல்லுறன். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திலே முன்கூட்டியே பதியவேணும். பொலித்தீனை வாசலிலே எடுத்துவிடுவினம், சாப்பாட்டை டப்பாவிலே கொண்டு போங்கோ. நெருப்பு மூட்டவே கூடாது. காய்ஞ்ச புல்லிலே ஒரு பொறி காணும். மரை சாப்பாட்டு மணத்துக்குக் கூடாரத்தடிக்கு வரும், ஆகவே சாப்பாடு வாகனத்துக்குள்ளே இருக்கட்டும். குளிரிலே பற்றரி கெதியாக இறங்கும். இரவிலே படுக்கைப் பைக்குள்ளே வைச்சுக்கொண்டு படு. மலையிலேயிருந்து இறங்கேக்கை கமராப் பையைப் பூட்டியே வைச்சிரு. குளிர்ந்த லென்ஸிலே வெக்கைக் காத்துப் பட்டால் உள்ளுக்கு ஈரம் பிடிச்சுப் பூஞ்சணம் வரும்.

சமையலுக்குச் சின்ன 2.3 கிலோ காஸ் சிலிண்டரும் மேலே பூட்டுற அடுப்பும் நான் எடுத்து வைக்கிறன். விமானத்திலே காஸ் கொண்டு வரேலாது. பவர் பாங்க் கைப்பையிலேதான் வரவேணும், 100 வற்-மணிக்குள்ளே, அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். தண்ணி ஆளுக்கு நாளைக்கு 5 லீற்றர் எண்டு கணக்குப் போட்டால், உங்கள் ரெண்டு பேருக்கும் ரெண்டு நாளுக்கு ஒரு 20 லீற்றர்க் கான். ட்ரோனை அனுமதி எடுக்காமல் கொண்டு வராதே. முகாம், காவலரண் பக்கம் கமராவைத் தூக்காதே. திரும்பேக்கை ஏ9இலே முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால், எவ்வளவு வடிவான பனங்கூடலாக இருந்தாலும் ரோட்டை விட்டு ஒரு அடி இறங்காதே. கண்ணிவெடி எடுத்து முடியாத நிலம் அது.

உன்ரை கனேடிய லைசென்ஸை அப்படியே வைச்சு இஞ்சை ஓடேலாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கேயே எடு, இஞ்சை செல்லுபடியாக்கிறதுக்கு வந்து இறங்கிற கிழமையிலே ஒரு நாள் ஒதுக்கு. உன்ரையும் மருமகளின்ரையும் பாஸ்போட் முதல் பக்கத்தை இந்தக் கிழமைக்குள்ளே அனுப்பு, அனுமதிகளுக்குக் கேட்பினம். உன்ரை லென்ஸ் வாயின் விட்டம் 77ஓ 82ஓ எண்டும் எழுது. என்னட்டை இருக்கிற பில்ரர்கள் 77 மில்லிமீற்றர். உன்ரை லென்ஸ் 82 எண்டால் நீ அங்கேயே உன்ரை அளவுக்கு வாங்கவேணும். பெரிய லென்ஸிலே சின்னப் பில்ரரை வளையம் போட்டுப் பூட்டினால் படத்தின் நாலு மூலையும் கறுக்கும்.

அன்புடன்,
அம்மா