பொருளைக் கொடுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்ட் மூடப்பட்டது, பிரிட்டனும் 2027-இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.3 சதவீதமாகக் குறைக்கப் போகிறது என்ற செய்திகளைப் படித்தபோது மனசு கனத்தது. ஏழை நாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் பணம் சுருங்குகிறது. சரி, மிஞ்சுவதையாவது எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் படிப்பு வருகிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

நான் வடசென்னை கொருக்குப்பேட்டையில், கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டத் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் வகுப்பு எடுத்தவள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'பட்டம்' என்ற சொல்லையே எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு புத்தகம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? கென்யாவில் 1990-களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சில பள்ளிகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரி மதிப்பெண் ஏறவில்லை. முன்பே நன்றாகப் படித்தவர்கள்தான் பயனடைந்தார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பலருக்கு அது மூன்றாவது மொழி. பெரு நாட்டில் லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வு, மொழியிலும் கணக்கிலும் முன்னேற்றம் இல்லை என்றது.

பலன் கிடைத்த இடமும் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. மும்பையிலும் வதோதராவிலும் அந்தந்தப் பகுதிப் பெண்களையே வைத்து, பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள், மதிப்பெண் ஏறியது. இதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவருக்கும், கென்யாவில் ஆய்வு செய்த மைக்கேல் கிரெமருக்கும் சேர்த்துத்தான் 2019-இல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரைப் போட்டதும் பாடம் நடத்தும் நேரம் இரண்டு மடங்கானது. கொரோனாவுக்குப் பிறகு நம் கிராமப்புறப் பிள்ளைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. எங்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய்.

வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டுமல்ல, வடசென்னையில் கொட்டும் பணத்துக்கும் இதே கேள்விதான். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடப் பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு அப்படி டேப்லெட்டுகள் வந்தன, மேடை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அவை பீரோவில் ஏறியவைதான், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

மணலி, எண்ணூர் கம்பெனிகளுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை எங்கள் பகுதிப் பெண்கள் சிலருக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுங்கள். ஜூனில் பிள்ளைகளை வாசிக்கவைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் திரும்பவும் வாசிக்கவைத்துப் பாருங்கள். இரண்டையும் உங்கள் ஆண்டறிக்கையில் போடுங்கள்.

இப்படிக்கு,
இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.